காஞ்சிபுரத்துச் சிவன் கோயில்களில் அம்மன் சன்னதி கிடையாதா?

கேள்வி – 5 நவம்பர் 2022

அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு காஞ்சிபுரம் போகிறோம். ஒரே நாள்தான். கோயில்களை எந்த வரிசையில் பார்க்கலாம்? இன்னொன்று. அந்த ஊரில் எந்தச் சிவன் கோயிலிலும் அம்மனுக்குத் தனிச் சன்னதி கிடையாது, ஊருக்கே காமாட்சி ஒருத்திதான் என்று மாமனார் அடித்துச் சொல்கிறார். உண்மையா, சும்மா சொல்கிறாரா?

5 நவம்பர் 2022, இரவு

மாமனார் சொல்வது சரி. பெரியம்மா வீடு காஞ்சிபுரத்தில் இருப்பதால் சின்ன வயதிலிருந்து போய்வருகிறேன். அங்கே சிவன் கோயில்களில் அம்மன் கிடையாது. அத்தனை கோயிலுக்கும் சேர்த்து நடுவில் காமாட்சி உட்கார்ந்திருக்கிறாள். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி கோயிலுக்கும் இடையில் குமரக்கோட்டம். அப்பா, பிள்ளை, அம்மா. ஊரே ஒரு சோமாஸ்கந்தர் என்பார்கள்.

வரிசை: காலை ஆறரைக்குக் கைலாசநாதர், பிறகு ஏகாம்பரநாதர், குமரக்கோட்டம், காமாட்சி, உலகளந்த பெருமாள். பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். மாலையில் சின்ன காஞ்சிபுரம் போய் வரதராஜர். அவ்வளவுதான் முடியும். புடவை எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்த வரிசையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

6 நவம்பர் 2022

நேற்று ஒன்று விட்டுப்போனது. பெருமாள் கணக்கில் காஞ்சிபுரம் தனி வேடிக்கை. ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் 14 இந்த ஊரில். அதில் நான்கு (ஊரகம், நீரகம், காரகம், கார்வானம்) உலகளந்த பெருமாள் கோயில் மதிலுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இன்னொன்று, நிலாத்திங்கள் துண்டம், ஏகாம்பரநாதர் கோயிலுக்குள். கள்வர் பெருமாள் காமாட்சி கோயிலுக்குள். ஆக, நான் சொன்ன காலை வரிசையில் போனாலே ஆறு திவ்ய தேசம் ஆகிவிடும். சிவன் கோயிலில் அம்மன் இல்லை, ஆனால் பெருமாள் இருக்கிறார்!

காமாட்சி கோயிலில் கள்வரைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பக்கத்திலேயே அரூப லட்சுமி. அம்மனிடம் வாங்கிய குங்குமத்தை முதலில் அவள்மேல் வைத்துவிட்டு அங்கிருந்து எடுத்து இட்டுக்கொள்ள வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம்.

6 நவம்பர் 2022, மாலை

திருத்தம். நேற்று "அம்மன் கிடையாது" என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன் அல்லவா? பெரியம்மாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம்:

"ஏண்டா, பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் கல்யாணம் பாத்தியா இல்லையா நீ?"

"பாத்தேன் பெரியம்மா."

"பொண்ணு எங்கேர்ந்து வந்தா? வாடகைக்கா?"

வாயை மூடிக்கொண்டேன். ஏகாம்பரநாதர் கோயிலில் ஏலவார்குழலி உற்சவராக, அதாவது விழாவில் எழுந்தருளும் சிலையாக, இருக்கிறாள். பங்குனி உத்திரத்தன்று அவளுக்குத்தான் திருக்கல்யாணம். அதே நாளில் அங்கே எத்தனையோ ஜோடிகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். ஏலவார்குழலி என்ற பெயரும் புதிதல்ல, சுந்தரர் தேவாரத்திலேயே இருக்கிறது. ஆகவே சொல்ல வேண்டியது இது: கருவறை கட்டி மூலவராக வைத்த அம்மன் இல்லை. அம்மனே இல்லை என்றால் தப்பு.

மாமனாரிடம் இந்த அளவில் சொல்லிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை திருத்தினால் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் பாடு.

9 நவம்பர் 2022

இந்த விஷயம் மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது. "காமாட்சி எல்லாக் கோயில் சக்தியையும் தன்னிடம் இழுத்துக்கொண்டாள், அதனால் மற்ற இடத்தில் சன்னதி இல்லை" என்பது பக்தர்கள் சொல்லும் காரணம். அழகான காரணம். ஆனால் கட்டட வரலாற்றுப் பக்கம் நின்று பார்த்தால் கேள்வியே தலைகீழாகிறது.

பல்லவர் காலத்தில் சிவன் கோயிலுக்குள் அம்மனுக்குத் தனிக் கருவறை கட்டும் வழக்கமே இல்லை. காஞ்சியில் மட்டுமல்ல, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1010-ல் இராசராசன் கட்டி முடித்தபோது அங்கே அம்மன் கோயில் இல்லை. இப்போது நாம் கும்பிடும் பெரியநாயகி சன்னதி 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் சேர்த்தது. இராசேந்திரன் காலத்துக்குப் பிறகுதான் அம்மனுக்குத் தனிக் கோயில் எழுப்புவது ஊருக்கு ஊர் பரவுகிறது. அதற்குச் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர் என்ன தெரியுமா? திருக்காமக்கோட்டம்.

காமக்கோட்டம்! காஞ்சிக் காமாட்சி கோயிலின் பெயர். வேறு ஊர்களில் அம்மன் சன்னதியைக் குறிக்கிற பொதுச்சொல், இந்த ஊரில் ஒரு கோயிலின் பெயராக நிற்கிறது. முன்பே இங்கே ஒரு காமக்கோட்டம் இருந்துவிட்டதால், மற்ற ஊர்களில் சன்னதி சேர்த்த காலத்தில் இங்கே சேர்க்கத் தோன்றவில்லை போல. அப்படிப் பார்த்தால் பெரியவர்கள் சொல்லும் காரணமும் பொய்யில்லை. "ஏன் இல்லை" என்று கேட்பதை விட "பிற்பாடும் ஏன் சேர்க்கவில்லை" என்று கேட்டால் காமாட்சிதான் பதில்.

இதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. இன்னொரு அடி வாங்கத் தெம்பில்லை.

10 நவம்பர் 2022

மேலே "தோன்றவில்லை போல" என்று எழுதியது என் ஊகம்தான். கல்வெட்டில் இருக்கிறது என்று யாரும் வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

13 நவம்பர் 2022

கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டார். கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி. அதற்குப் பிறகு புடவைக் கடையில் மூன்று மணி நேரம். வரதராஜர் கோயிலுக்கு இருட்டிய பிறகு ஓடிப் பல்லியை மட்டும் தொட்டுவிட்டு வந்தார்களாம். நான் முதல் நாளே சொன்னேன்.

பல்லி பற்றி: அங்கே கூரையில் பதித்த தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இரண்டையும் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பாட்டி அதற்கு மேலே ஒரு படி. ஆரணியில் யார்மேல் பல்லி விழுந்தாலும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். காஞ்சிப் பல்லியைத் தொட்டவர்களைத் தொட்டாலே போதும் என்பது பாட்டியின் சட்டம். நான் திண்ணையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வந்தவர்கள் தொட்டுவிட்டுப் போவார்கள். சிலர் கடலைமிட்டாய் கொடுத்ததும் உண்டு. என் முதல் வருமானம் அது.

புடவைக் கடையில் மூன்று மணி நேரம் என்றதும் பெரியப்பா ஞாபகம் வந்தது. அவர் நெசவாளர். "காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்" என்ற பழமொழியைச் சோம்பேறிகளுக்குச் சொன்னது என்று பலர் நினைக்கிறார்கள். குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதிப்பதுதான் அந்தக் காலாட்டல். நாளெல்லாம் ஆட்டினால் மாலையில் எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். கோர்வைப் புடவை என்றால் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டையும் இழை இழையாகக் கோத்து நெய்ய வேண்டும். நெய்பவர் ஒருத்தர் போதாது. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும், அந்தக் காலத்தில் பெரும்பாலும் வீட்டுப் பையன்கள்தான். பெரியப்பா அப்படித்தான் தொழிலுக்கு வந்தார்.

கோயிலை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

14 நவம்பர் 2022

இட்லி பற்றிக் கேட்டிருந்தார்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி மாவை ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. வரதராஜருக்குப் படைக்கிற பிரசாதம். ஓட்டலில் டம்ளரில் ஊற்றி வேகவைத்துக் "காஞ்சிபுரம் இட்லி" என்று தருகிறார்களே, அதை வைத்து எடை போடாதீர்கள். குடலை இட்லியில் அந்த இலையின் வாசனைதான் பாதி ருசி. சட்னியே வேண்டாம்.

20 நவம்பர் 2022

இத்தனை எழுதிய பிறகு நேரில் பார்க்காமல் இருப்பு கொள்ளவில்லை. இன்று காலை கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். அம்மனைத் தேடுவதற்கென்றே போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இராசசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் என்பதால் மழையில் கரைந்து, பிற்காலத்தில் பூசிய சுதை உரிந்து, பல சிற்பங்களுக்கு முகமே இல்லை. திருச்சுற்றில் மதிலை ஒட்டி வரிசையாக 58 சின்னச் சன்னதிகள். சிலவற்றுள் ஓவியத் துணுக்குகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1931-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் அவற்றைக் கண்டெடுக்கும்வரை இங்கே பல்லவர் ஓவியம் இருப்பதே வெளியே தெரியாது.

சரி, அம்மன். தனிச் சன்னதி இல்லை. கருவறைக்கு முன்னால் போய் நின்றேன். பதினாறு பட்டை லிங்கம். தீபாராதனை வெளிச்சத்தில் லிங்கத்துக்குப் பின்சுவரைப் பார்த்தால் சோமாஸ்கந்தர். சிவன் ஒரு பக்கம், உமை ஒரு பக்கம், நடுவில் குழந்தை. எத்தனை முறை வந்திருக்கிறேன்! லிங்கத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறேனே தவிர, அந்தச் சுவரைப் பார்த்ததில்லை. பிறகு சுற்றில் நடந்தால் மாடத்துக்கு மாடம் அதே குடும்பம். ஒன்றில் உமை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், இன்னொன்றில் குழந்தை மடியிலிருந்து நழுவப் பார்க்கிறது. ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முன்னால் வரிசையாக நிற்கும் சிறு கோயில்களில் ஒன்றில் இரங்கபதாகை என்ற பல்லவ அரசியின் கல்வெட்டு இருக்கிறது. அம்மன் சன்னதி கட்டாத காலத்தில் அரசியே தன் பெயரில் சிவனுக்குக் கோயில் எடுத்திருக்கிறாள்.

அப்புறம் அந்தக் கன்னடக் கல்வெட்டு. மண்டபத் தூண் ஒன்றில் இருக்கிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போகவில்லை, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று சொல்கிறது. ஊருக்குப் போன பிறகு அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் ஒரு கோயில் கட்டினாள், இப்போது விரூபாட்சர் கோயில் என்கிறார்கள். அதைப் பார்த்தால் கைலாசநாதரின் சாயல் அப்படியே தெரியும்.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை. நுழையவும் வெளியே வரவும் தவழ வேண்டும். தவழ்ந்து வந்தால் மறுபிறவி இல்லை என்கிறார்கள். முப்பது வயதில் சுலபமாகப் போனேன். இன்று நுழைவாயிலிலேயே தோள் மாட்டிக்கொண்டது. பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன், "அங்கிள், ஒரு கையை முன்னாடி நீட்டுங்க" என்று வழி சொன்னான். இந்தப் பிறவியே முடிந்துவிடும் போலிருந்தது.

20 நவம்பர் 2022, இரவு

வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்க்கிறேன், இன்று ஏகாதசி! தலையில் அடித்துக்கொண்டேன். வைகுண்டப் பெருமாள் கோயிலில் மூன்று அடுக்கு. கீழே அமர்ந்த கோலம், நடுவில் கிடந்த கோலம், மேலே நின்ற கோலம். நடு அடுக்குக்கு ஏகாதசியன்றுதான் ஏறவிடுவார்கள். "இன்றைக்கு எங்கே மேலே விடப்போகிறார்கள்" என்று காலையில் அந்தக் கோயில் பக்கமே போகாமல் பஸ் ஏறினேன்.

24 நவம்பர் 2022

அத்தி வரதர் பற்றி எழுதச் சொல்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 2019 வரிசையை நினைத்தாலே கால் வலிக்கிறது.

வரதராஜர் கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீராழி மண்டபத்துக்கு அடியில் கிடக்கும் அத்திமரப் பெருமாளை 40 வருடத்துக்கு ஒரு முறை வெளியே எடுக்கிறார்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். ஜூலை முழுக்கக் கிடந்த கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்றார்கள். அதில் ஒருத்தன் நான். ஏழு மணி நேரம் வரிசை, தரிசனம் ஏழு வினாடி இருக்கலாம். என்ன பார்த்தேன் என்று கேட்டால் பட்டுப் புடவையின் நிறத்தைச் சொல்வேன். வெளியே வந்து செருப்பைத் தேடினால், விட்ட இடமே இல்லை. தடுப்புக் கட்டைகளை அதற்குள் வேறு பக்கம் மாற்றியிருந்தார்கள்.

1979-ல் அம்மா பார்த்திருக்கிறாள். அப்போது நான் அவள் வயிற்றில். அதனால் எனக்குக் கணக்கில் இரண்டு தரிசனம். அடுத்தது 2059. எனக்கு எண்பது ஆகும். வரிசையில் நிற்க மாட்டேன், முதியோர் வழி.

27 நவம்பர் 2022

முதல் கேள்வியிலிருந்து ரொம்பத் தள்ளி வந்துவிட்டோம் என்று ஒருவர் குறைப்படுகிறார். சரி, திரும்புகிறேன். "சைவமும் வைணவமும் மட்டும்தான் காஞ்சியா?" என்றும் அவரே கேட்டிருக்கிறார். இல்லை. மணிமேகலை அறம் கேட்டு நோன்பிருந்த ஊர் இது. 7-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து யுவான் சுவாங் வந்து பௌத்தப் பள்ளிகளைப் பார்த்து எழுதினார். இன்று அதற்கு மிச்சம், இங்கே கிடைத்த சில புத்தர் சிலைகள்தான். அவற்றிலும் சில அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

சமணத்துக்கு மிச்சம் நன்றாகவே இருக்கிறது. ஊருக்கு வெளியே திருப்பருத்திக்குன்றம், பழைய பெயர் சினகாஞ்சி. திரைலோக்கியநாதர் கோயில். விசயநகரத் தளபதி இருகப்பன் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கத் தீர்த்தங்கரர் கதைகள் ஓவியமாக ஓடுகின்றன. நான் போனபோது என்னையும் ஒரு நாயையும் தவிர யாருமில்லை. காமாட்சி கோயில் கூட்டத்தில் நசுங்கிவிட்டு அங்கே போனால் காது அடைத்தது போலிருக்கும். அரை மணி நேரம் கழுத்து வலிக்கப் பார்த்தேன்.

11 டிசம்பர் 2022

இன்று கார்த்திகைக் கடைசி ஞாயிறு. பெரியம்மாவோடு கச்சபேஸ்வரர் கோயில். திருமால் ஆமை வடிவில் பூசித்த இடம் என்பது புராணம். தலைநோய் தீரவேண்டிக்கொண்டவர்கள் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். விடியற்காலையில் அந்தச் சுடர்கள் வரிசையாக நகர்வதைப் பார்க்கவே போகலாம். பெரியம்மாவும் ஒரு சட்டி எடுத்துக்கொண்டாள். "உனக்கு ஏது தலைநோய்?" என்றேன். "நீதான்" என்றாள்.

19 டிசம்பர் 2022

ஏகாதசி. இந்த முறை நாட்காட்டியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மார்கழிக் குளிரில் வைகுண்டப் பெருமாள் கோயில். கிடந்த பெருமாளைச் சேவித்தாயிற்று. படி குறுகல், ஆனால் கைலாசநாதர் சந்து அளவுக்கு இல்லை. பெரியம்மா முழங்கால் வலி என்று கீழேயே இருந்துவிட்டாள். நான் இறங்கி வந்தபோது திருச்சுற்றுச் சுவரின் சிற்பங்களை முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன கதை என்றாள்.

சொன்னேன். பல்லவ அரசன் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறான். காஞ்சியிலிருந்து பெரியவர்கள் கிளம்பி இரணியவர்மனிடம் போய், உன் பிள்ளைகளில் ஒருவனைக் கொடு, அரசனாக்குகிறோம் என்கிறார்கள். நாலு பிள்ளைகளில் மூத்தவர்கள் மூன்று பேர் மாட்டேன் என்கிறார்கள். கடைக்குட்டி, 12 வயது, நான் போகிறேன் என்கிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன், இந்தக் கோயிலைக் கட்டியவன். அந்தப் பையன் புறப்படுவது, காஞ்சிக்கு வருவது, பட்டம் சூட்டுவது, எல்லாம் இந்தச் சுவரில் இருக்கிறது.

பெரியம்மா அந்தப் பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்கு தேய்ந்து போயிருந்தது.

"உங்க பெரியப்பாவும் பன்னிரண்டு வயசுலதான் தறிக்குழில இறங்குனாரு. அவர யாரு செவுத்துல செதுக்குனா?" என்றாள். பிறகு, "வா, மணி பத்தாகுது, இட்லி தீந்துரும்" என்று முன்னால் நடந்தாள்.